நாலாம் நம்பரை விடாதவன்

ஃபிஜியில் ராணுவம் ஒரே காலையில் அரசாங்கத்தை மாற்றிவிட்டது. எங்கள் ஃபுட்பால் கிளப்பின் கோச்சை மாற்ற எங்களுக்கு ஐந்து கூட்டம் பிடித்தது. அரசாங்கத்தைப் பற்றி வாய் திறக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கோச்சை யார் வேண்டுமானாலும் திட்டலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் அம்பைத்தான் நோக முடியும்.

அந்தக் கோச் என் அக்காவின் புருஷன். ட்ராசாவில் கரும்பு போட்டிருந்தார். கரும்பு வெட்டு இல்லாத நாளெல்லாம் கிரவுண்டில்தான் கிடப்பார். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. ஆக்லாந்தில் இருந்த மூத்த மகள் அக்காவையும் மாமாவையும் அங்கே அழைத்துக்கொள்ளப் பேப்பர் அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமா கையெழுத்துப் போடவில்லை. "டீம் என் கையில இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் வர்ல" என்று அக்காவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

எனக்கு அம்மா அப்பா இல்லை. அந்த அக்கா ஒருத்திதான். நடபுவாவிலிருந்து சனிக்கிழமைதோறும் நான் பஸ் ஏறியது பாதி ஆட்டத்துக்காக, பாதி அவள் கைச் சோற்றுக்காக. ஆகவே கிளப் எத்தனை ஆட்டம் தோற்றாலும் மாமா கோச்சாகவே இருக்கவேண்டும் என்பது என் சொந்த வேண்டுதல். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

தோற்காமல் என்ன செய்வது? ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. இரண்டு நாள் பிராக்டிஸுக்கு வராவிட்டால் டிக்கெட் எடுத்துவிட்டான் என்று அர்த்தம். பிறகு துவைத்த ஜெர்சி ஒரு பிளாஸ்டிக் பையில் மாமா வீட்டு வேலியில் மாட்டியிருக்கும். கோல் காக்கும் கோலி சிட்னிக்குப் போனான். கோல் போடுகிறவன் வான்கூவர் போனான். பின்னால் நின்று தடுத்த அண்ணன் தம்பி இருவரும் ஒரே விமானத்தில் போனார்கள்.

மாமா கிடைத்தவர்களைச் சேர்த்தார். கரும்பு லாரி ஓட்டும் தொப்பைக்காரர் ஒருவர் கோலியானார். கடைசியாகச் சேர்ந்தவன் சபேட்டோ கிராமத்து ஃபிஜியன் இளைஞன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, பழக்கமெல்லாம் ரக்பி. வெள்ளிக்கிழமை சேர்ந்தான், சனிக்கிழமை ஆடினான்.

எங்கள் கிளப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. கரும்பு வெட்ட வந்த தமிழர்களின் பேரன்கள் நாங்கள்; வீடுகளில் இப்போது ஹிந்திதான் ஓடும், தமிழ் கோயிலிலும் கிழவர்கள் வாயிலும்தான். ஆனால் லைனில் நிற்கும் கோச் தமிழில்தான் கத்துவார். ஹிந்தியில் கத்தினால் எதிர் டீமுக்கும் புரிந்துவிடும். மற்றபடி ஒரு வாக்கியம் தமிழ் பேசத் தெரியாத பையன்கள்கூட 'வா', 'போ', 'வுடு', 'ஆள் வருது' என்ற நாலைந்து சொல்லுக்குச் சரியாக ஓடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சபேட்டோக்காரன் முன்னேறி எங்கேயோ போய்விட்டான். எங்கள் கோல் முன்னால் ஆளே இல்லை. மாமா தொண்டை கிழிய "வா, வா" என்று கத்தினார். அவன் தலையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி, அவர்களுடைய நாலாம் நம்பர்காரனை ஒட்டிக்கொண்டான். அந்த நாலாம் நம்பர் பந்தின் பக்கத்திலேயே இல்லை. கோல் விழுந்தது. மாமா மறுபடி "வா" என்றார். அவன் இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டான். இன்னொரு கோலும் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவனிடம் போய் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். மாஸ்டர் நாலு, நாலு என்று கத்தினாரே, நான் நாலாம் நம்பரை விடவே இல்லையே என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பாஷையில் 'வா' என்றால் நாலு. மார்க்கெட்டில் கிழங்கு வாங்கும்போது துவா, ருவா, தோலு, வா என்று நாங்களும்தான் எண்ணுகிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பாஷையில் அது திரும்பி வரச் சொல்வது என்றேன். அவன் இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு கூடாது என்று புது உத்தரவு. விளையாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று அதில் இல்லை. மாமரத்தடி பெஞ்சில் யங்கோனா வேர்ப்பொடியைக் குடிக்கக் கரைத்துவைத்து, கொட்டாங்கச்சி சுற்றி வர, ஐந்தாவது கூட்டம் நடந்தது. மாமாவைக் கூப்பிடவில்லை. கூட்டம் ஹிந்தியில் நடக்கும், திட்டு மட்டும் தமிழில் வரும். ஆளெடுக்கத் தெரியவில்லை என்றார் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். போனவர்களுக்குச் சமமான ஆள் இந்தத் தீவில் எங்கே மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

"ரக்பிக்காரன இட்டாந்து ஆடவுட்டா இன்னா ஆவும்?" என்றார் தையல்காரர். "மாடு பூந்த கரும்புக் காடுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு அவனுடையதும் இல்லை, மாமாவுடையதும் இல்லை என்று எழுந்து, 'வா' கதையை முழுதாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. தையல்காரர் நாலு விரலைத் தூக்கிக் காட்டி 'வா, வா' என்றார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். வெட்கத்தைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அதுவரை இரண்டுபட்டுக் கிடந்த கூட்டம் அந்தச் சிரிப்பில் ஒன்றாகிவிட்டது. கோச் சொல்வது புரியாத ஆளைக் கோச்சே பொறுக்கியிருக்கிறார், இதற்குமேல் என்ன வேண்டும் என்றார் ஃபிட்டர். கைகள் எழுந்தன. நான் தூக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். நான் என் வாயால் மாமாவைக் கெடுத்தேன்.

மாமா சண்டை போடவில்லை. சேதி கேட்டதும் "செரி" என்றார். சாயந்திரமே பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாலு விரல் கதை அவர் காதுக்கும் போயிருக்கும். யார் சொன்னது என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாங்கள் யாரும் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்'தான். விமான நிலையத்தில் மாமா "போறண்டா" என்றார்.

"வரேன்னு சொல்லுங்க மாமா."

"எதுக்கு வர்றது? டீமா இருக்குது?"

அக்கா ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்தேன், கோழிக்கறியும் சோறும். நாளைக்குச் சனிக்கிழமை என்றாள். சபேட்டோக்காரன் அன்று வேலையில் இருந்தான். அவர்கள் பெட்டிகளை அவன்தான் ஏற்றினான்.

புதுக் கோச் சுவாவிலிருந்து சான்றிதழோடு வந்தார், இங்கிலீஷில் கத்தினார், மூன்றாம் மாதம் கனடாவுக்குப் போய்விட்டார். பெஞ்சில் அதற்கும் விவாதம் நடந்தது. அடுத்த ஆள் கிடைக்கும்வரை என்று என்னை லைனில் நிறுத்தினார்கள். எனக்கு ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்த நாலைந்து தமிழ்ச் சொல் பழகிய பழைய பையன்கள் ஒருவரும் மிச்சமில்லை. பந்து எங்கள் பக்கம் வருவதைப் பார்த்ததும் என்னை அறியாமல் "வா, வா" என்று கத்தினேன்.

பத்துப் பேர் என்னைப் பார்த்து விழித்தார்கள். சபேட்டோக்காரன் மட்டும் நாலாம் நம்பரை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து, எங்கள் கோல் முன்னால் நின்று பந்தைத் தடுத்தான். பிறகு சரிதானா என்பதுபோல் லைனைப் பார்த்தான். மாமா நின்ற இடத்தில் நான் நின்றிருந்தேன்.