கூரையில் செருகிய இலை

நெல்லியடியில் பஸ் நிற்கிறது. தேத்தண்ணிக் கடைக்காரர் விரதச் சோறு உண்ட வாழையிலையை மடித்துக் கூரை விளிம்பில் செருகுகிறார். ஏனென்று கேட்கிறேன்.

“அந்தக் காலத்திலை எங்களை ஆண்ட வெள்ளைக்காரப் பறங்கியள் விரதம் பிடிக்க விடேல்லை, ஐயா. இலையைக் கண்டால் அடி. அதுதான் எங்கடை ஆக்கள் கூரையிலை ஒளிச்சவை. கோயிலுக்குள்ளையும் விடாத பாவியள்!”

முந்நூறு வருடக் கோபம் ஆறுமுன்பே, வெளியே வெயிலில் நிற்கும் பனை சீவுபவருக்குக் கை படாமல் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றுகிறார்.

“இவர் கோயிலுக்குப் போவாரா?”

“உவனோ? உவன்ரை சாதியாக்களை உள்ளை விடுறேல்லை.”

சொன்ன வாய் கூசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “அப்படியென்றால் இப்போது பறங்கி யார்?” என்று கத்துகிறேன்.

கடைக்காரர் அடுத்த தேத்தண்ணியை ஆற்றத் தொடங்குகிறார். பனை சீவுபவர் மெல்லச் சொல்கிறார்: “நாங்களும் எங்கடை கூரையிலை இலை செருகிறனாங்கள், ஐயா.”

யாருக்குப் பயந்து என்று கேட்கத் திரும்புகிறேன்; அவர் கண்கள் கடைக்காரர் மேல் நிற்கின்றன.