பேஷண்ட் திக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது

ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான், தாராவியில், முனிசிபல் ஸ்கூலில். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை தரை துடைப்பது, டிராலி தள்ளுவது, பேஷண்டுக்கு கவுன் மாட்டுவது. மும்பை ஆஸ்பத்திரிகளில் இந்த வேலை பார்க்கிற பெண்ணை மாவ்ஷி என்பார்கள். சித்தி என்று அர்த்தம். எனக்கு இருபத்து மூன்று வயது. அறுபது வயது ஆளும் என்னை மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே ஸ்பீச் தெரபி மேடம் என்னைத் தேடி வந்தார். "தமிள் ஆத்தி ஹை நா தேரேகோ?" என்று கேட்டார். தமிழ் வரும் என்றேன். துடைப்பத்தை வைத்துவிட்டு வா என்றார்.

1. கார்டு

பேஷண்ட் பெயர் முகைதீன். கடையநல்லூர்க்காரர். தாராவியில் லெதர் பேக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தலையில் இடது பக்கம் கட்டி, பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். அதனால் அவரை முழிக்க வைத்துப் பேச விட்டுக்கொண்டே ஆபரேஷன் செய்வார்கள். மூளையில் ஒவ்வோர் இடமாக லேசான கரண்ட் வைப்பார்கள். பேச்சு நின்றால் அந்த இடத்தை வெட்டக் கூடாது. அங்கே நம்பர் போட்ட சின்னக் காகிதத் துண்டை வைத்துவிடுவார்கள்.

இந்தியில் டெஸ்ட் செய்ய மேடமே போதும். ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு பாஷை இருந்தால் இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கலாமாம். முகைதீனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அவர் மனைவி ஜெய்னம்பு அக்காவுக்கு இந்தி தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடையில பேசுத இந்தி போனாக்கூட ஆளு வச்சிப் பாத்துக்கிடலாம்மா. வீட்டுல எங்கூடப் பேசுத பேச்சு போயிரப்படாது. நான் யாருகிட்டப் போயிப் பேசுவேன்?"

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கார்டு காட்டினோம். ஒவ்வொரு படத்துக்கும் "இது சாவி", "இது குடை" என்று அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நான் மேடத்திடம் "சஹி" என்று சொல்ல வேண்டும். நின்றுவிட்டால் "அட்கா". அவ்வளவுதான் என் வேலை. யானைப் படம் வந்தது.

"இது எங்க மாமியா."

"அண்ணே, ஒழுங்காச் சொல்லுங்க."

"சரி, இது யானை. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒங்களுக்கு நாளைக்கு மண்டையத் தொறக்கப் போறாவ, இப்பவும் எங்கம்மாதான் கெடச்சாளா?" என்றார் அக்கா. மேடம் என்ன என்று கேட்டார். "ஹாத்தி, மேடம். சஹி," என்றேன்.

அவர் திக்கினால் வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று மேடம் அன்றைக்கே மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

2. டேபிள் பக்கத்தில்

தியேட்டரில் பச்சைத் துணியைக் கூடாரம் மாதிரிக் கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் சார். இந்தப் பக்கம் அண்ணன் முகம், மேடம், நான். இந்திக் கார்டு முடிந்தது. மூன்று நம்பர் வைத்தார்கள். பிறகு தமிழ். நாலைந்து செகண்டுக்கு ஒரு படம்.

"இது பூட்டு." சஹி. "இது செருப்பு." சஹி.

சீப்புப் படம் வந்தது.

"இது... இது..."

அவர் கண் என்னைத் தேடியது. மாஸ்க்குக்குள்ளிருந்து நான் மெதுவாக "சீ" என்றேன். அவர் பிடித்துக்கொண்டு "சீப்பு" என்றார். நான் "சஹி" என்றேன். சார் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். நம்பர் வைக்கவில்லை.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. ஒன்றரை வருஷம். "அது... அது..." என்பார். நான் சமைத்துக்கொண்டே, துணி துவைத்துக்கொண்டே, அவர் வார்த்தையை நானே முடிப்பேன். தண்ணியா, பீடியா, கக்கூஸா. அவர் தலையாட்டினால் கொடுத்துவிட்டு என் வேலைக்குப் போவேன். வேலை முடிந்து வந்து களைத்துப் போயிருப்பேன். முழுசாகக் கேட்க எனக்கு நேரம் கிடையாது. கடைசி வாரம் அவர் "அது" என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்து இரண்டு படம் போனது. நான் கான்ட்ராக்ட் ஆள். சொன்னால் வெளியே அனுப்பலாம். வீட்டில் இனி என் சம்பளம் மட்டும்தான். சொல்லாவிட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள்.

"சார், கங்கி வாலா மைனே போலா," என்றேன். சீப்பு நான் சொன்னது.

மேடம் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். துணிக்கு அந்தப் பக்கமிருந்து சார், "பிர்ஸே," என்றார். கடைசியாகத் தொட்ட இடங்களுக்கெல்லாம் மறுபடியும் போனார்.

சீப்புக்குத் திக்கிய இடத்தில் இப்போது விளக்குமாறு படம் வந்தது.

"இது... இது..."

அண்ணன் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. "அட்கா," என்றேன்.

கரண்டை எடுத்ததும் அவருக்குக் கோபம். "வெளக்குமாறு, தங்கச்சி. தெரிஞ்சதுதான், வாயில வரல்லா. நீயும் சும்மா பாத்துக்கிட்டு நிக்கியே."

அதே இடத்தில் கரண்ட் வைத்து மேடம் இந்தியில் கேட்டார். "ஜாடூ" என்று உடனே சொல்லிவிட்டார். தமிழ் மட்டும்தான் அங்கே நின்றது. சார் நாலாம் நம்பரை வைத்தார். அந்த இடத்தை ஒட்டி இருந்த கட்டியைக் கொஞ்சம் அப்படியே விட்டுவிட்டார். அதற்கு மருந்து, ஸ்கேன் என்று பிறகு பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் என்னை விட்டே சொல்லச் சொன்னார்.

கை கழுவுகிற இடத்தில் சார் என்னிடம், நீ சொன்னதால் தப்பித்தோம், அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார். "ஜி சார்," என்றேன். ரத்தத்துணி மூட்டையைக் கட்டி டிராலியில் ஏற்றினேன். அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

3. வார்டு

மூன்றாம் நாள் வார்டில் பெட்ஷீட் மாற்றப் போனேன். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளுக்குப் பேச்சு இழுக்கும், உள்ளே வீங்கியிருக்கிறதால் அப்படி, வந்துவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஜெய்னம்பு அக்கா அதை நம்பவில்லை. அண்ணன் கையைத் தூக்கி "நீ... நீ..." என்றார்.

"தண்ணியா? தலகாணிய ஒசத்தவா? ஒண்ணுக்கு வருதா? புள்ளைகளயா கேக்கிய?" அக்கா விடவே இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினார். அக்கா என்னிடம் திரும்பி, "போச்சும்மா. எல்லாம் போச்சு," என்றார்.

"அக்கா, நீங்க சொல்லாதிய. அவிய சொல்லட்டும்."

"வரல்லையே, பாக்கியல்லா."

"வரட்டும். நிப்போம்."

எனக்கு இன்னும் ஆறு கட்டில் பாக்கி இருந்தது. சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார். நான் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணன் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"நீ... கொஞ்சம்... சும்மா இரி. நானே... சொல்லுதேன்."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அதற்கும் காத்திருந்துவிட்டு, "பேன... அமத்து. குளுருது," என்றார்.

நான் ஃபேனை நிறுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேஷண்ட் திக்கும்போது உங்களுக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்கும். தெரிந்தாலும் சொல்லாதீர்கள். உங்கள் கால் வலிக்கும், மேலே இருக்கிறவர்கள் திட்டுவார்கள். நில்லுங்கள். வீட்டில் அப்பாவுக்கு நான் அப்படி நிற்கவில்லை.