தொப்பூர் வளைவில் ஏறிய முள்

அதியமான்கோட்டை மாதேஸ்வரக் கவுண்டர் பெங்களூரில் ஒரு துரையிடமிருந்து பழைய காரை வாங்கி வந்தபோது, ஊரே அதன் விளக்கையும் ஹார்னையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. டிரைவர் பச்சியப்பனுக்கு மட்டும் கண், ஸ்டீயரிங்குக்கு எதிரே இருந்த சூட்டு முள்ளை விட்டு நகரவில்லை. எஞ்சின் சூடாக ஆக அந்த முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் வண்டியை நிறுத்தி ஆறவிட வேண்டும். முதல் வருஷம் அவன் ஒருமுறை அதை மதிக்காமல் ஓட்டினான். எஞ்சின் இறுகிப்போய், மாடு கட்டிக் காரை இழுத்து வரும்படி ஆயிற்று. சந்தைக்கு வந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கப்புறம் பெண்டாட்டி பேச்சைத் தட்டினாலும் தட்டுவான், முள் பேச்சைத் தட்டமாட்டான்.

ஊரார் இதைக் கேலியாகத்தான் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி கண்ணம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆயுத பூசையன்று அவள் தீர்த்தமலையில் மந்திரித்து வாங்கிய செம்புத் தாயத்தைக் கொண்டுவந்தாள். அதைத் தன் கையாலேயே வண்டியில் கட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பச்சியப்பன் பானட்டைத் தூக்கி, எஞ்சின் ஓரமாக ஓடிய மெல்லிய ஒயரைக் காட்டி அதில் கட்டச் சொன்னான். எஞ்சினிலிருந்து முள்ளுக்குப் போகிற ஒயர் அதுதான். முள்ளுக்கும் சேர்த்துக் காவல் ஆயிற்று என்று அவனுக்குள் ஒரு பூரிப்பு. அவள் கறுப்புக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அடுத்த சித்திரையில் அவளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கவுண்டர் கார் சாவியை எடுத்துக் கொடுத்தார். பின்சீட்டில் தாயின் மடியில் கண்ணம்மாள் படுத்திருக்க, பச்சியப்பன் சேலத்துக்கு விரட்டினான்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இரண்டாவது வளைவு திரும்பியதும் முள் விருட்டென்று ஏறிச் சிவப்பில் நின்றது.

இறக்கத்தில் எஞ்சின் அப்படிக் கொதிக்காது. எந்த டிரைவருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மாடு கட்டி இழுத்த காரும், காட்டு நடுவில் துடிக்கும் பெண்டாட்டியும்தான். வண்டியை ஓரம் கட்டினான்.

"நிறுத்தாதீங்க மாமா" என்றாள் கண்ணம்மாள்.

"முள்ளு ஏறிடுச்சு கண்ணு. கொஞ்சம் ஆறட்டும்."

பானட்டைத் திறந்து வைத்தான். சித்திரை வெயிலில் தகரம் முழுக்கக் கொதித்தது. தொட்டுப் பார்த்து என்ன தெரியும். வெகுநேரம் காத்திருந்தும் முள் இறங்கவில்லை. உள்ளே அவள் முனகல் வரவரத் தேய்ந்தது. கடைசியில் வேறு வழி தெரியாமல் தாயத்தைப் பிடித்து இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வந்து சாவியைத் திருப்பினான். முள் சமர்த்தாக இறங்கிக் கிடந்தது. அவனும் மாமியாரும் தீர்த்தமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா, சற்று முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தார்கள்.

பச்சியப்பன் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு ஒரே ஒரு ஆறுதல்தான் காரணம். அன்று நிறுத்தாமல் போயிருந்தால் எஞ்சின் வெடித்து, அவள் நடுக்காட்டில் அநாதையாகச் செத்திருப்பாள். நிறுத்தியதால் ஆஸ்பத்திரிக் கட்டில்வரையாவது போய்ச் சேர்ந்தாள். இதையே தனக்குத் தானே சொல்லிச் சொல்லி நாளை ஓட்டினான். மாமியாரும் அதைத்தான் சொல்லி அழுதாள்.

அந்த வருஷம் யுத்தத்தால் பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வந்தது. கார் கொட்டகையிலேயே கிடந்தது. மார்கழியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வண்டியைத் தயார் பண்ணச் சொன்னார் கவுண்டர். விடிந்து பனி விலகாத நேரம். பச்சியப்பன் சாவியைத் திருப்பினான். எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை, முள் சிவப்பில் போய் நின்றது.

இறங்கிப்போய் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தான். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது.

முள்ளிலிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். விரல் தாயத்தில் போய் நின்றது. வண்டி ஆட ஆட அந்தச் செம்பு உரசி உரசி, ஒயரின் மேல்துணி தேய்ந்து உள்கம்பி பளபளத்தது. கம்பிக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே, இரண்டையும் தொட்டபடி தாயத்து சாய்ந்து கிடந்தது. கம்பி நேராகவோ செம்பு வழியாகவோ இரும்பைத் தொட்டால் போதும், சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முள் ஏறிவிடும். தாயத்தை ஒரு குச்சியால் விலக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தான். தொப்பூரில் தாயத்தை இழுத்தபோது இறங்கிய மாதிரியே முள் இறங்கியிருந்தது. குச்சியை எடுத்துவிட்டுப் பார்த்தான். ஏறியிருந்தது. வேறு ஏதாவது கோளாறாக இருந்துவிடாதா என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். பாழாய்ப்போன முள் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னது.

கயிற்றை அறுக்க மனசு வரவில்லை. அவள் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். தேய்ந்த இடத்தில் மெழுகுத்துணியைச் சுற்றிக் கட்டினான். வேலை அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட ஆகவில்லை.

கவுண்டர் வந்து, முள்ளில் என்ன கோளாறு என்று கேட்டார்.

"ஒயரு தேஞ்சிருந்துச்சுங்க" என்றவன், மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். "அன்னைக்கு எஞ்சின்ல சூடே இல்லீங்க."

கவுண்டருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று மட்டும் பச்சியப்பன் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் அவன் கையில் தாயத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அதை ஏன் மாப்ள அவுத்தீங்க? அது இல்லாங்காட்டி எம்பொண்ணு ஆஸ்பத்திரி வாசப்படியக்கூட மிதிச்சிருக்க மாட்டாளே. போங்க, போய்க் கட்டிப்புடுங்க."

உண்மை அவன் தொண்டை வரைக்கும் வந்தது. அந்த அம்மாளுக்கும் மிச்சமிருந்தது அந்த ஒரு ஆறுதல்தான்.

"ஆமாங்க அத்தை" என்றான்.

திரும்பிப்போய்த் தாயத்தை ஒயர் பக்கம் அண்டாமல், சூட்டு முள்ளுக்கு மேலே கண்ணாடியோரம் கட்டினான். அவள் போட்ட மாதிரி முடிச்சு அவனுக்கு விழவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து, சத்தம் வெளியே கேட்காமல் அழுதான்.