அம்மன் வரச்சொன்ன ஊர்

என் அம்மா சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவர். சந்தையில் அழுகல் தக்காளியைப் பையில் போட்டுக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிவந்து, வீட்டில் வைத்துத்தான் முணுமுணுப்பார். அப்படிப்பட்டவர் மேல்தான் வருசத்தில் ஒருநாள், வைகாசிக் குளிர்த்திச் சடங்கன்று, எங்கள் ஊர் அம்மன் வந்து இறங்குவாள். அன்று மட்டும் அம்மா ஊர் அதிகாரியான விதானையாரையே "டேய்" என்று கூப்பிட்டு வாக்குச் சொல்வார். எப்போது விதைப்பது, காணாமல்போன மாடு எந்தப் பக்கம் நிற்கிறது, பெட்டைக்கு எந்த மாதம் கல்யாணம் சரிவரும், எல்லாம் சொல்வார். சனம் கைகட்டிக் கேட்கும். மறுநாள் அதே அம்மா தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போவார். அம்மன் சொன்ன வாக்கைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சொன்னது அவள், இவர் வெறும் உடம்பு. ஊரில் அதுதான் வழக்கம்.

தொண்ணூறுகளில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடிவந்தது. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் பழைய களஞ்சியம் ஒன்றில் எங்களை இருத்தினார்கள். நாங்கள் அதை அகதி முகாம் என்போம். அரசாங்கக் கச்சேரிக் கடிதங்களில் அது நலன்புரி நிலையம். சேலை கட்டி மறைத்த ஒரு மூலை எங்களுக்கு. அடுத்த மூலை பெரியம்மாவுக்கும் அவருடைய ஒரே மகளுக்கும். சொந்தப் பெரியம்மா இல்லை. ஊரில் பக்கத்து வளவு, இடையில் ஒரு வேலிதான். அம்மா அவரை அக்கா என்பதால் எனக்குப் பெரியம்மா. மகளுக்கு லிங்கநகரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். நான் டவுனில் தையல்கடையில் வேலை செய்தேன். அவளுடைய கூறைச் சேலைக்குச் சட்டை தைத்துத் தரும் பொறுப்பை நானே ஏற்றிருந்தேன்.

அந்த வைகாசியில் அரசாங்கத்துக்கு எங்கள் அம்மன் மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டது. அதிகாரி ஒருவர் முகாமுக்கு வந்து, குளிர்த்திக்குப் பஸ் விடுகிறோம், எல்லாரும் ஊருக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றார். சனத்துக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அம்மா தன் மஞ்சள் சேலையை அலசிக் காயப்போட்டார்.

போய்ப் பார்த்தால், ஆமிக்காரரே கோயிலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து கோயில் வாசல் வரை இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டக்கூடாதாம். கயிற்றுக்கு அப்பால் பற்றைக்குள் கூரையில்லாத எங்கள் வீடுகள் தெரிந்தன. பெரியம்மா தன் வளவு மாமரத்தைக் கண்டுவிட்டு, கிட்டப் போக விடச்சொல்லி மன்றாடினார். விடவில்லை.

இரவில் நடக்கவேண்டிய சடங்கு ஊரடங்கால் பட்டப்பகலில் நடந்தது. பறை முழங்க அம்மாவுக்கு உருவேறியது. யாரோ ஒருவர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து அவருடைய வாய்க்கு நேரே பிடித்தார்.

"என்னை விளக்கில்லாமல் விட்டிட்டுப் போயிட்டீங்களே மக்காள். பாம்பும் பற்றையும்தான் எனக்குத் துணை. வாங்கோ மக்காள். உங்கட வளவுக்கு வாங்கோ."

சனம் ஓவென்று அழுதது. நானும் அழுதேன். எங்கள் எல்லாருடைய நெஞ்சிலும் கிடந்தது அதுதானே.

பிறகு அந்தக் குரல் வானொலியில் திரும்பத் திரும்பப் போனது. முதலில் பறை, அடுத்தது என் அம்மாவின் அழுகை, அதற்குப் பின்னால் மக்கள் தாமாகவே ஊர் திரும்ப விரும்புகிறார்கள் என்ற செய்தி. மாதம் முடியமுன் அதே அதிகாரி முகாமுக்கு வந்து கூட்டம் வைத்தார்.

"நாங்கள் ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்ல," என்றார். "உங்கட அம்மனே வரச்சொல்லிப்போட்டா. அதுக்குப் பிறகும் இஞ்ச வைச்சு நிவாரணம் தாறது சரியில்லைத்தானே?"

நான் எழுந்து நின்று கேட்டேன். "மிதிவெடி எல்லாம் எடுத்தாச்சோ?"

"ஓம், கோயிலைச் சுத்தி எடுத்தாச்சு."

"வளவுகளில?"

அவர் என் அம்மா இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "கூப்பிட்டவ காப்பாத்தமாட்டாவோ, தங்கச்சி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அவரை மறுத்துப் பேசினால் அம்மனை மறுத்ததாகிவிடும். எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். எங்கள் ஆட்களே என்னை இருக்கச் சொன்னார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மன்ர கதையில வாய் வைக்காத பிள்ளை," என்றார். அம்மா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிவாரண அரிசி நின்றது. ஊருக்குப் போனோம்.

போய் ஒரு கிழமை முடியமுன் பெரியம்மாவின் மகள் கிணற்றை இறைக்கலாம் என்று வாளியோடு பின்வளவுக்குப் போனாள். வெடிச்சத்தம் கேட்டபோது நானும் அம்மாவும் கொட்டிலுக்குத் தகரம் ஏற்றிக்கொண்டு நின்றோம். அவளை ட்ரக்டரில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வழியில் கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. கூறைச் சேலைச் சட்டைக்கு நான் இன்னும் கொக்கி தைத்திருக்கவில்லை. பின்பக்கம் ஊசி குத்தி, அதையே போட்டு அவளை அனுப்பினோம்.

அவளுடைய எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் பெரியம்மா எங்கள் கொட்டிலுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்காமல் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, எனக்கு உன்னோட கோபமில்லை. ஒண்டே ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு வரச்சொன்னது அம்மனோ, நீயோ?"

எங்கள் ஊரில் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. கச்சேரிக்குப் போய், இது அம்மன் சொன்னதோ உங்கள் மேலிடம் சொன்னதோ என்று அந்த அதிகாரியைக் கேட்க ஒரு ஆளில்லை. கேள்வி வந்து விழுந்தது என் அம்மாவின் தலையில்.

அம்மா நிமிர்ந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான் அக்கா. அம்மன் வரேல்ல. ஊருக்கு வாற ஆசையில நான்தான் நடிச்சனான்."

பெரியம்மா ஒரு பிடி மண்ணை அள்ளி எங்கள் வாசலில் தூற்றிவிட்டு விறுவிறென்று கோயிலுக்குப் போனார். அன்றைக்குப் பிறகு சாகும்வரை அவர் அம்மாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஊரும் மெல்ல விலகியது. அம்மாவைக் கண்டால் சிலர் காறித் துப்பினார்கள்.

மண் தூற்றிய அன்று பொழுதுபட, பெரியம்மா அம்மனுக்கு முன்னால் விழுந்து ஒப்பாரி வைப்பது எங்கள் கொட்டில் வரை கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்க முடியவில்லை.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்? உரு வந்தா உங்களுக்கு ஒரு நினைவும் இருக்கிறேல்லையே."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"பிள்ளையும் போயிட்டுது. அம்மனும் இல்லையெண்டால், அவ ஆரிட்டப் போய் அழுவா?"