வெள்ளிக்கிழமை ருசி பார்க்காத சூப்பு

தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கையகலத்துக்குக் கிழித்தேன். தவறு அப்போதே தொடங்கிவிட்டது. ஏதோ தவறு என்று எனக்குத் தெரிந்தது பத்தரை மணிக்குத்தான்.

வீட்டில் எலும்பு சூப்பு வைத்து உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் தொழிலுக்கு இப்போது இளையவர்கள் சிலர் வருகிறார்கள். என்னிடம் பக்குவம் கேட்கிறார்கள். பக்குவம் சொல்வது சுலபம். அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லத்தான் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

1. ஆட்டோகிளேவும் குக்கரும்

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஆட்டோகிளேவ் ஆபரேட்டராக இருந்தேன். காயத்துக்குக் கட்டும் காஸ் துணிக் கட்டுகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிற வேலை. பதினைந்து பவுண்டு பிரஷர், நூற்று இருபத்தொரு டிகிரி. வீட்டுக் குக்கரிலும் ஏறக்குறைய அதே பிரஷர்தான் என்று ஒருநாள் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப இன்னைக்குக் கொழம்ப நீங்களே வையுங்க" என்றாள்.

அவள் புற்றுநோயில் படுத்தபோது கடைசி நான்கு மாதம் அவள் தொண்டையில் இறங்கியது ஆட்டுக்கால் சூப்பு மட்டும்தான். அப்போது பழகியது. அவள் போன பிறகு ஷிப்டுக்குப் போக மனம் வரவில்லை. கால் ஒடிந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று கேட்டவர்களுக்கு வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஆட்டுக்காலைத் தீயில் வாட்டி, முடி சுரண்டிப் பார்த்து வாங்க வேண்டும். கூட இரண்டு நல்லி எலும்பு. மஞ்சள் போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு புதுத் தண்ணீர், சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு. மிளகு, சீரகம், மல்லியை ஒன்றிரண்டாகத் தட்டித் துணியில் முடிந்து உள்ளே போட வேண்டும். படுத்திருப்பவர்களுக்குத் தொண்டையில் திப்பி நிற்கக் கூடாது. முதல் விசிலுக்குப் பிறகு அடுப்பைச் சிம்மில் வைத்து ஒரு மணி நேரம். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, கடைசியில்தான் உப்பு. ஆறினால் கட்டியாக உறைய வேண்டும். உறையாவிட்டால் அது எலும்பு கழுவிய தண்ணீர்.

2. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பிளாஸ்க்

என் ஒரே மகள் ரெஜினாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் பிரசவம் எங்கள் வீட்டில் என்பதுதான் முறை. மருமகனின் அம்மா, என் சம்பந்தியம்மா, தயங்காமல் சொல்லிவிட்டார்.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. பொம்பள இல்லாத வீட்டுல பச்சப்பிள்ளைக்காரிய எப்படி விடுறது? ராத்திரி பிள்ள அழுதா நீங்க என்ன செய்வீக? ஸ்டீம் போட்டு விடுவீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, வெள்ளையடித்து வைத்திருந்த பின்னறையின் கதவைச் சாத்தினேன்.

பேத்தி பிறந்தாள். தினமும் காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் சூப்போடு போய் நிற்பேன். ரெஜினா கட்டிலில் சாய்ந்து குடிப்பாள். அந்தப் பத்து நிமிடம்தான் என் நாள். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் காலி டம்ளரைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியம்மா, "நா எது வச்சாலும் மிச்சம் வைக்கா, இத மட்டும் வழிச்சுக் குடிக்கா. முப்பது நாள் கழியட்டும் அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு அனுப்புறதப் பாப்போம்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தொட்டில் கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பிள்ளைக்குப் பன்னிரண்டாம் நாள் அந்த வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளிகளில் நான் கவுச்சி தொடுவதில்லை. மற்ற ஆர்டர்களையும் எடுப்பதில்லை. பால் கொடுக்கிறவளுக்கு விலக்கு உண்டு என்பதால் அவளுக்கு மட்டும் வைத்தேன். வழக்கமான துணி தீர்ந்திருந்தது. கம்பெனியில் இன்னும் வேலை பார்க்கும் மாரியப்பன், நான் கேட்டதற்கு முந்தின நாள் ஒரு கட்டு வெட்டுத்துணி கொடுத்திருந்தான். வெள்ளைவெளேர் என்றிருந்தது. அதில் மிளகை முடிந்து போட்டேன். மற்ற நாளென்றால் ஒரு கரண்டி ஊற்றி ருசி பார்த்திருப்பேன். அன்று ஜெபம் சொல்லிவிட்டு அப்படியே பிளாஸ்க்கில் ஊற்றினேன்.

ரெஜினா முதல் வாய் குடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்தாள்.

பத்தரைக்குச் சம்பந்தியம்மா போனில் கத்தினார். "அண்ணாச்சி, வாந்தி நிக்கல. தொண்ட எரியுதுங்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம், வாங்க!"

3. ஒரு சொட்டு

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை பாலுக்கு அழுதது. நல்லவேளை, சாயங்காலத்துக்குள் வாந்தி நின்றது. பயமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் கட்டிலருகே குனிந்தேன்.

"என்னமோ சோப்பு மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள்.

"பொறவு ஏன்மா குடிச்ச?"

"நீங்க எதுக்க நின்னுக்கிட்டு இருந்தீங்கல்ல."

சோப்பு என்ற சொல் இருபத்திரண்டு வருஷ வேலைக்காரனுக்குப் போதும். காஸ் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச் செய்து, பல தண்ணீர் அலச வேண்டும். அலசல் குறைந்தால் அந்தச் சோடாவின் காரம் துணியில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் காலை மீதித் துணியோடு மாரியப்பனிடம் போனேன். அவன் லேபில் கேட்டு, காரம் இருந்தால் நிறம் மாறும் மருந்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். துணி ரோஸ் நிறமானது. ஆகக் கூடாது.

"இது அலசல் பத்தலைன்னு ரிஜெக்ட் ஆன லாட்டுல்ல. ஏலே, நீ டிவிஎஸ் வண்டி தொடைக்கக் கேக்கேன்னுல்லா குடுத்தேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "அடுப்புல போடவா கேட்ட? எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

அவன் மேல் தப்பில்லை. ரிஜெக்ட் என்றால் ஏன் ரிஜெக்ட் என்று கேட்காமல் அந்தக் கம்பெனியில் ஒரு முழத் துணியைக்கூட நான் வாங்கி வைத்ததில்லை. வெளியே வந்த பிறகு கேட்க மறந்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் சம்பந்தியம்மாதான் எனக்குச் சமாதானம் சொன்னார். "கறிக்கடைக்காரன் பழச எதையும் தள்ளிவிட்டிருப்பான் அண்ணாச்சி. நீங்க என்ன செய்வீக?"

தலையாட்டினால் போதும். முப்பது கழிந்ததும் மகள் வருவாள். ஆனால் கறிக்கடை பாய், ரெஜினாவுக்குப் பிரசவம் ஆனதிலிருந்து என் கண் முன்னால்தான் கால்களை வாட்டிக் கொடுக்கிறார். வராந்தா ஜன்னல் வழியாகப் பிள்ளையின் அழுகை கேட்டது. இரண்டு நிமிடம் பேசாமல் நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"கறியில ஒண்ணுமில்ல தங்கச்சி. துணி. நான் போட்ட துணி" என்று ஆரம்பித்து, ருசி பார்க்காதது வரை சொல்லி முடித்தேன்.

அவர் முகம் மாறியது. "கம்பெனிக் கழிவையா எம்மருமவளுக்குக் காச்சிக் குடுத்தீக?" என்றார். அறைக் கதவை மறித்து நின்றுகொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. சூப்பு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

ஒன்பது நாள் போகவில்லை. ரெஜினா தினமும் ஒரு தடவை கூப்பிடுவாள். பேச்சு ஓடாதபோது போனைப் பிள்ளையிடம் வைப்பாள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு மணி பஸ் தெருமுக்கைத் தாண்டும் ஹாரன் சத்தத்துக்கு ஒவ்வொரு நாளும் கால் தானாக எழுந்தது.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். இலவசமாக வருகிற பொருள் எதனால் கழிக்கப்பட்டது என்று தெரியாமல் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். உங்களால் ருசி பார்க்க முடியாத நாளில் அடுத்தவர் வாய்க்கு வைக்காதீர்கள். அன்பாக இருப்பவர்கள் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார்கள். தவக்கால வெள்ளிகளில் இப்போது நான் குக்கரை எடுப்பதே இல்லை.

பத்தாம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் சம்பந்தியம்மா பிள்ளையோடு இறங்கினார். பின்னால் ரெஜினா, மெலிந்த முகத்தோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. சம்பந்தியம்மா வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

"கறிக்கடைக்காரன் மேல போடாம உள்ளதச் சொன்னீகளே. பொம்பள இல்லாத வீடுன்னுதான அண்ணாச்சி சொன்னேன்? நானும் ஒரு மாசம் இங்கனதான் இருக்கப்போறேன். ஆட்டோக்காரர் நிக்காரு பாருங்க, எம்பெட்டிய எங்க எறக்கணும்னு சொல்லுங்க."