பக்கத்து இருக்கைக்கும் ஒரு போர்டிங் பாஸ்

செம்பனை எண்ணெய் ஆலைகளில் லாரி எடை போடும் மேடையைச் சரிபார்ப்பது என் தொழில். ஆனால் விமான நிலைய வரிசையில் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்களோ என்று பல நேரம் தோன்றும். கம்பெனி செனாயில், வீடு ஸ்கூடாயில், நான் போகிற ஆலைகளெல்லாம் கடல் தாண்டி சரவாக்கில். மனைவி வசந்தா, மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போனவள், பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். திரும்பி வரும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. என்னைப் போல ஒற்றைப் பையோடு அலைகிறவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

போன மாசத்து விமானம்

ஆலைப் பக்கம் லைன் கிடைக்காது. அதனால் போர்டிங் பாஸ் வந்த உடனே போன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் செனாய் விமான நிலையத்தில் அந்தப் படத்தைக் காட்டினேன். கருவி சிவப்பு விளக்கு போட்டது. மறுபடி காட்டினேன், மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

சரியான படத்தைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கூச்சிங், மீரி, சிபு, மறுபடி மீரி. எல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். ஒரு கல்யாணம், ஒரு பிறந்தநாள், ஒரு மனுஷ முகம் கிடையாது. என் போனில் என் வாழ்க்கை இவ்வளவுதானா என்று அங்கேயே நின்றுவிட்டேன். காவலுக்கு நின்ற தமிழ்த் தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, நீங்க காட்டுன பிளேன் போன மாசமே போயிடுச்சு லா!"

பரிமளாவின் யோசனை

இதை ஆபீசில் சொன்னபோது கணக்குப் பிரிவு பரிமளா அக்கறையாகத்தான் பேசினாள். காகிதத்தில் ஒன்று அச்சடித்துப் பையில் வைக்கச் சொன்னாள். இன்னொன்றை நம்பிக்கையான ஆளுக்கு அனுப்பி வைக்கச் சொன்னாள். யாருக்கு அனுப்புவது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? அக்காவுக்குத்தான்!"

லாரி ஏறிய போன்

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் வசந்தாவுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வரும். அதுவும் ஒரு பேச்சுதான் என்று வைத்துக்கொண்டேன்.

சிபு பக்கத்து ஆலையில் ஒரு மதியம், குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் எடை மேடையில் விழுந்தது. நான் எடுப்பதற்குள் செம்பனைக் குலை ஏற்றிய லாரி அதன்மேல் ஏறிவிட்டது. சாயங்காலம் விமானம். காகிதப் பிரதி விடுதி மேசையிலேயே கிடந்தது. ஆலையில் கணக்கு எழுதும் கிராணி ஓர் இபான் பழங்குடிப் பெண், பாவம், தன் போனை நீட்டினாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான்.

அடித்ததும் வசந்தா எடுத்தாள். பதறிப் போனாள். "உங்களுக்கு ஒன்னும் ஆகலையே? சாப்டீங்களா?" என்று கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவு நீளமாகப் பேச்சு நடந்து வெகுநாள் ஆகியிருந்தது. படத்தை அனுப்பினாள், கிராணி அதை அச்சடித்துக் கையில் கொடுத்தாள். நம் வீட்டு மாமரம் காய்த்திருப்பதைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர் மாறிப்போனதைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். வசந்தாவுக்குப் பின்னால் குழந்தை அழும் சத்தம். "பாஸ் வந்துடுச்சில்ல? அப்ப வச்சிடுறேங்க, பிள்ள அழுவுது."

கடைசி அழைப்பு

புதுப் போனில் விமான டிக்கெட் ஆப்பைப் போட்டதும் பழைய விவரமெல்லாம் தானாக வந்துவிட்டது. முன்பு நாங்கள் சேர்ந்து போனதால் அதில் வசந்தாவின் பெயரும் இருந்தது. அவசரத்தில் டிக்கெட் எடுத்தபோது இரண்டு பெயரையும் அமுக்கியிருக்கிறேன். விலை கூடியிருந்தது, பள்ளி விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன். செக்-இன்னும் இருவருக்கும் சேர்த்தே நடந்திருக்கிறது.

செனாய் நுழைவாயிலில் என் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கும்போது ஒலிபெருக்கியில் அவள் பெயர். தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுசாக. அந்தப் பெயரை யாரோ சத்தமாகச் சொல்லிக் கேட்டு எத்தனையோ மாதம். ஒரு நொடி, நிஜமாகவே வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் நின்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அங்கிள், மிஸஸ் எங்க? டாய்லெட்டா?"

"மெல்பர்ன்ல."

அவள் சிரிக்கவில்லை. "வருவாங்களா மாட்டாங்களா, ஏதாச்சும் ஒன்னு சொல்லுங்க அங்கிள். கதவ மூடணும்."

யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நானும் வசந்தாவிடம் கேட்டதில்லை. "வரமாட்டாங்க," என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்து, ஆப்பில் வசந்தாவின் பெயரைத் திறந்தேன். நீக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன். அந்த நேரம் பார்த்து விமானப் பணிப்பெண் குனிந்து அன்பாகச் சொன்னாள்: "பக்கத்து சீட்டு காலிதான் சார். நல்லா வசதியா உக்காருங்க."

ஆக, தனியாகப் பறக்கிற நண்பர்களே, போனில் ஒன்று, காகிதத்தில் ஒன்று, வீட்டுக்காரிக்கு ஒன்று என்று எத்தனை பிரதி வைத்திருந்தாலும் அது நாம் ஏறிப் போவதற்குத்தான் உதவும், நம்மிடம் ஒருத்தர் வந்து இறங்குவதற்கு உதவாது.