முன்கயிற்றைப் பிடித்தவள்

படகுத்துறையில் அவளுக்குக் கடுகு என்று பெயர். முகத்துக்கு நேரே எவனும் அப்படி அழைத்ததில்லை. அழைத்துவிட்டு முழுப் பல்லோடு வீடு திரும்பும் நம்பிக்கை எவனுக்கும் இல்லை. செங்கல் ஏற்றும் பாய்மரப் படகை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கணவன் ஆலை வேலைக்குப் போன நாள்முதல், சுக்கான் பிடித்துக் கரையணையும் அவளையே பார்த்து, "முதலாளி எங்கம்மா?" என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. "உன் கண்ணு எங்கய்யா?" என்று திருப்பிக் கேட்பாள். அந்தச் சினம் அவளோடே வீட்டுக்கும் வரும். கதவு, பாத்திரம், கணவன் என எதிர்ப்பட்டதெல்லாம் அதிரும். படகில் அவளுக்குத் துணை கணவனின் தம்பி. பாதிப் பேச்சை எப்போதும் வாய்க்குள்ளேயே வைத்திருப்பவன்.

அன்று நீரோட்டம் படகைத் தாழ்ந்த பாலத்தை நோக்கி இழுத்துச் சென்றது. பாய்மரத்தைச் சாய்த்தால்தான் அதன் அடியில் நுழையலாம். மரத்தின் அடிப்பாகம் இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே நிற்கும். தகடுகளையும் மரத்தையும் ஊடுருவி மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை. கீழ்முளையை உருவிவிட்டு, முகப்பிலிருந்து மர உச்சிக்குப் போகும் முன்கயிற்றை மெல்லத் தளர்த்தினால், மேல்முளையே கீலாக, மரம் பின்புறம் சாயும்.

கொழுந்தன் கீழ்முளையை உருவினான். தோள் கொடுத்துத் தள்ளினான்.

"அசைய மாட்டேங்குது அண்ணி."

பாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் நங்கூரத்தைத் தூக்கி எறிந்தாள். சங்கிலி கடகடவென ஓடி, படகு குலுங்கித் திரும்பி நின்றது. பிறகு மரத்தடியில் குனிந்து பார்த்தாள். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே கட்டைத் துண்டுகளை அடித்து இறுக்கி, மேலே பெயின்டும் பூசியிருந்தது.

"யாரு பாத்த வேலை இது?"

"நான்தான். காத்தடிச்சா மரம் தட்டிக்கிட்டே இருந்துச்சு. தூக்கமே வரல."

"அதுக்காகப் படகுக்கே ஆப்பு வெச்சியா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

"இப்ப மட்டும் தாலாட்டா பாடப்போறேன்?"

உளியை எடுத்து அவளே வெட்டினாள். ஊறிப் பருத்த கட்டைகள் சில்லுசில்லாகத் தெறித்தன. ஒவ்வொரு அடியும் கொழுந்தனின் முதுகில் விழுவதாக நினைத்தே அடித்தாள். மரம் இளகியது. முன்கயிற்றை முகப்புக் கட்டையில் இருமுறை சுற்றிப் பிடித்துக்கொண்டு விடத் தொடங்கினாள். அவன் பின்புறம் நின்று ஏந்தக் காத்திருந்தான். மரம் பாதி சாய்ந்து அவன் தலைக்கு நேரே வந்தது.

"நிறுத்துங்க அண்ணி!"

"என்ன?"

"கயிறு... அடுத்து வர்ற இடம் பிரிஞ்சிருக்கு. பாதி இழைதான் மிச்சம். போன தடவையே பாத்தேன்."

உள்ளே இருந்த வசவெல்லாம் ஒன்றாகத் திரண்டு அவள் தொண்டைக்கு வந்தன. ஆனால் இரு கைகளிலும் பாய்மரத்தின் கனம் இருந்தது. கத்தினால் பிடி தளரும். வந்ததை விழுங்கினாள். கண்கள் சிவந்தன.

"வேற கயிறு எடுத்துட்டு வா," என்றாள் தாழ்ந்த குரலில்.

அந்தக் குரலைக் கேட்டறியாத கொழுந்தன் கத்தலைவிட அதற்கே அதிகமாகப் பயந்தான். புதுக்கயிற்றை, இறுகி நின்ற முன்கயிற்றோடு நல்ல பகுதியில் முடிந்து, மறுமுனையை அடுத்த கட்டையில் சுற்றினான். கனம் அதற்கு மாறியது. இருவரும் சேர்ந்து மெல்ல விட, மரம் பின்புறத் தாங்கியில் வந்து படுத்தது.

அவள் பிரிந்த இழைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மரம் விழுந்திருக்கக்கூடிய இடத்தைப் பார்த்தாள்.

"இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்க?"

"சொன்னா அடிக்க மாட்டீங்களே?"

"அடிப்பேன். சொல்லு."

அவன் முகப்புப் பக்கம் கைகாட்டினான். "இப்ப நிக்கிறோமே, இந்த நங்கூரச் சங்கிலியில ஒரு கண்ணி..."

அவள் கத்திய கத்தலில் பாலத்தின் மேல் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கத்திக்கொண்டே சுக்கானுக்கு ஓடினாள். அவனும் பின்னாலேயே ஓடினான். வாயை மட்டும் மூடவில்லை. "அப்புறம், தண்ணி எறைக்கிற பம்பு இருக்குல்ல அண்ணி..." என்று அடுத்ததைத் தொடங்கியிருந்தான்.